ஒத்துக்கொள்ளாத தண்ணீர்: ராமேஸ்வரப் பாதையில் பயணியின் குடலும் ஊரின் நிலமும்

வெளியூர் போய்த் திரும்பியவருக்கு வயிறு கெட்டால் ‘அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வது தமிழர் வழக்கு. உண்டது எதுவாயினும், உறங்கியது எவ்வளவாயினும், பழி தண்ணீர்மேல்தான் விழும். நுண்ணுயிரியல் கற்காதவர் வாயில் பிறந்த இவ்வழக்கு பெரும்பாலும் சரியான இடத்தையே சுட்டுகிறது என்றாலும், கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே அது படிக்கிறது. ஊர்த் தண்ணீர் பயணிக்கு ஒத்துக்கொண்டதா என்று கேட்கிறவர்கள், பயணி அந்த ஊர்த் தண்ணீருக்கு ஒத்துக்கொண்டாரா என்று கேட்பதில்லை. பயணியின் குடலுக்குள் போவதும் அதிலிருந்து வெளியேறுவதும் ஒரே நிலத்தோடும் நீரோடும் நிகழும் கொடுக்கல் வாங்கல் ஆகையால், இவ்விரு கேள்விகளையும் பிரித்துக் கேட்க இயலாது என்பதே இச்சொற்பொழிவின் கருத்து. அதனைக் காட்டுவதற்கு உலகம் சுற்ற வேண்டியதில்லை. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரையிலான 114 கிலோமீட்டர் ரயில் பாதையும், ஒரு காலத்தில் அப்பாதை கொண்டுபோய்ச் சேர்த்த இலங்கையின் தோட்டங்களுமே போதும்.

முதலில் குடலைப் பற்றிச் சில செய்திகள். மனிதனின் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தும் ஒன்றோடொன்று போட்டியிட்டும் வாழ்கின்றன. இக்கூட்டத்தைக் குடல்வாழ் நுண்ணுயிர்க் குழுமம் என்பர். உணவு, உறக்கம், மருந்து ஆகியவற்றுக்கேற்ப இதன் அமைப்பு மாறும். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இரண்டு ஆண்களின் குடல் நுண்ணுயிர்களை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் கவனித்தது. அவர்களுள் ஒருவர் பாங்காக் நகரில் சில வாரங்கள் தங்கியபோது, குடலின் இரு பெரும் பாக்டீரியாத் தொகுதிகளுக்கு இடையிலான விகிதம் கிட்டத்தட்ட இரு மடங்காக மாறியது. ஊர் திரும்பியதும் அது பழைய நிலைக்கே வந்துவிட்டது. மற்றவரோ நெடும்பயணம் எதுவும் செய்யவில்லை, ஆனால் உணவு நஞ்சாகி சால்மொனெல்லா தொற்றுக்கு ஆளானார். அவரது குடலில் இருந்த பாக்டீரியாக்களில் பல அதன்பின் திரும்பவே இல்லை. ஊர் மாறுவதைக் குடல் பொறுத்துக்கொள்கிறது, கடுமையான தொற்றையே அதனால் எளிதில் மறக்க முடியவில்லை என்று இதனைக் கொள்ளலாம். இருவரை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கின் பெரும்பகுதி பாக்டீரியாக்களால் வருவது. அவற்றுள்ளும் முதலிடத்தில் நிற்பது நஞ்சு சுரக்கும் ஈ கோலை வகை. எல்லார் குடலிலும் தீங்கின்றி வாழும் ஈ கோலையின் திரிபாகிய இது, மயிரிழை போன்ற நீட்சிகளால் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு சுவரைப் புண்ணாக்குவதில்லை. உயிரணுக்கள் உப்பை வெளியேற்றும்படி செய்துவிடுகிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. திறந்துவிட்ட குழாயை மூட ஆளில்லாத நிலை என்று இதனைச் சொல்லலாம். வாந்திபேதி எனப்படும் காலராவும் இவ்வழியிலேயே, ஆனால் பன்மடங்கு வேகத்தோடு, உடலை வற்றச் செய்கிறது. காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய நீர்மத்திலும் அதன் நஞ்சு இருக்கிறது என்பதை முயலின் குடலில் செலுத்திக் காட்டி 1959இல் வெளியிட்டவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. வெளியூர்க்காரரைப் படுக்கவைக்கும் ஈ கோலை வகைகளுள் ஒன்று, 1970இல் வெளியான ஆய்வின்படி, பிரித்தறியப்பட்டதோ ஏடனுக்குச் சென்ற பிரிட்டிஷ் படைவீரர்களிடமிருந்து. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமைக்கு அறிவியல் சூட்டிய முதல் பெயர்களுள் ஒன்று அது எனலாம்.

உள்ளூர்க்காரருக்கு மட்டும் அத்தண்ணீர் ஒத்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். அது ஒத்துக்கொண்டது இலவசமாக அன்று. மாசுபட்ட நீருள்ள ஊர்களில் பிறந்தவர், முதல் இரண்டு மூன்று வயதுக்குள் பலமுறை பேதி கண்டு, அவற்றில் பிழைத்து, எதிர்ப்பாற்றல் பெற்றவர். பிழைக்காதவர் கணக்கில் வருவதில்லை. மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாகும் குழந்தையின் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரலிகள் மழுங்கி, உண்ட உணவின் சத்து முழுதும் உடலில் சேராமற்போவதும் உண்டு. பயணி நான்கு நாள் அவதிப்பட்டுச் சொல்லும் குறையை உள்ளூர்க் குழந்தை நான்கு ஆண்டு சுமக்கிறது.

பயணி அந்த ஊரிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதை நெதர்லாந்தில் செய்யப்பட்ட பேராய்வு ஒன்று காட்டிற்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளிநாடு சென்ற ஏறத்தாழ 2,000 பேரின் மலம் புறப்படுவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் பரிசோதிக்கப்பட்டது. புறப்படும்போது குடலில் இல்லாதிருந்த, முதன்மையான பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள், திரும்பியபோது மூவரில் ஒருவரிடம் இருந்தன. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் நான்கில் மூவரிடம் இருந்தன. அவர்களுட் பெரும்பாலோர் நோயுறவில்லை. பாதிப்பேருக்கு ஒரு மாதத்துக்குள் அவை மறைந்தும் போயின. ஆனால் பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் ஓராண்டு கழிந்தும் அவை தங்கியிருந்தன. பயணத்தின்போது வயிற்றுப்போக்கு கண்டவர்களும், ஆன்டிபயாடிக் விழுங்கியவர்களுமே இவற்றை அதிகம் பெற்றனர். பையில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்துச்செல்லும் மாத்திரை, குடலில் காவல் நிற்கும் நல்ல உயிர்களை அகற்றி, வந்தேறிக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது என்பது இதன் பொருள். தெற்காசியாவின் நான்கில் மூன்று என்ற எண்ணோ குடலைப் பற்றிய எண் அன்று, ஆறுகளையும் சாக்கடைகளையும் பற்றிய எண்; மருத்துவமனைக் கழிவும், வீட்டுக் கழிவும், மருந்தாலைக் கழிவும் சுத்திகரிக்கப்படாமல் குடிநீருக்கு அருகில் ஓடுவதன் அளவுகோலாகவே வெளிநாட்டுப் பயணியின் குடல் இங்கே பயன்பட்டிருக்கிறது.

நிலத்தைக் கேள்வி கேட்காமல் பயணியின் உடலை மட்டும் நிறுத்திச் சோதிப்பது அரசுகளின் பழைய வழக்கம். 1865இல் ஹஜ் யாத்திரையில் பரவிய காலரா மத்தியதரைக் கடலோரத் துறைமுகங்களை அடைந்ததும், அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடி யாத்திரிகர்களைத் தடுத்து வைப்பது பற்றி ஆராய்ந்தது. இவ்வழக்கம் தமிழகத்தில் எடுத்த உருவமே மண்டபம் முகாம்.

இலங்கையின் காப்பித் தோட்டக் காலத்தில் கங்காணியின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த தமிழ்த் தொழிலாளர்களுட் பலர் வாந்திபேதிக்கு வழியிலேயே இரையாயினர். முன்னே போன கூட்டம் கால்கழுவிய குளத்தில் பின்னே வந்த கூட்டம் தண்ணீர் மொண்டு குடிக்க வேண்டிய வறண்ட நாட்டுப் பாதை அது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பல், பின்னர் மீண்டும் ரயில் என்று வழி எளிதாயிற்று. மக்கள் இதனை ‘போட் மெயில்’ என்றனர். பாலத்துக்கு இக்கரையில், மண்டபத்தில், இலங்கை அரசு நடத்திய முகாமில் தோட்டத் தொழிலாளர்கள் சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டு, துணிகள் கிருமி நீக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, காலரா தோன்றுகிறதா என்று கவனிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கான மருந்தும் அங்கே புகட்டப்பட்டது.

கொக்கிப்புழுவின் வாழ்க்கையை அறிந்தால் அம்முகாமின் அறியாமையும் புலனாகும். சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் இப்புழு, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் விழுந்தால் பொரிக்கின்றன. சில நாள்களில் வளர்ச்சியுற்ற இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உட்புகுகிறது. அங்கிருந்து இரத்தக் குழாய் வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழலில் ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கே வந்து சேர்கிறது. தோல் வழியே புகும் இவ்விந்தையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், புழுக்கள் கலந்த நீர் தம் கையில் தற்செயலாகச் சிந்தியதால் கண்டறிந்தார். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது, அதன் வகையைப் பொறுத்து, ஒரு சொட்டுக்கும் குறைவுதான், அல்லது சில சொட்டுகள்தான். நூறு புழு இருந்தால் ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, நடை தளர்ந்துபோவான். தோட்டத்துரையின் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘சோம்பேறி’ என்ற மதிப்பீடு விழுந்ததற்குப் பல வேளைகளில் இந்த இரத்தசோகையே காரணம்.

இந்த நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் ஒருங்கே அமைந்த இடம் மலைத்தோட்டம். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் குடலில் புழு இருந்தது. சினோபோடியம் என்னும் செடியெண்ணெய் புகட்டப்பட்டது, புழுக்கள் வெளியேறின, குடியிருப்பாகிய லயத்து அறைகளுக்குக் கழிப்பறை இல்லாமையால் தொழிலாளர்கள் தேயிலைப் புதருக்கிடையே ஒதுங்கினர், சில மாதங்களில் புழு மறுபடி ஏறிற்று. கழிப்பறை கட்டுவது செலவு என்று தோட்ட முதலாளிகளுட் பலர் தயங்கினர். எண்ணெய் மலிவு, செங்கல் விலை கூடியது. மண்டபத்தில் குடலைக் கழுவி அனுப்புவதும், அக்கரையில் அதே குடலை அழுக்கு மண்மேல் வெறுங்காலோடு நடக்கவிடுவதும் ஒரே நிர்வாகத்தின் இரு கைகளாக இருந்தன. இந்தியக் கூலியே புழுவைக் கொண்டுவந்தான் என்று அன்றைய அதிகாரிகள் எழுதியது பாதி உண்மை: புழு அவன் குடலில் வந்தது, ஆனால் அதனைப் பெருக்கியது தோட்டத்து மண்.

முகாம் இருந்த இடம் பிற்காலத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சிக்கும், இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கும் இருப்பிடமாயிற்று. கழிப்பறையும் குடிநீரும் போதவில்லை என்பது அகதிகள் நெடுங்காலம் சொல்லிவந்த குறை. முகாமின் வேலை மாறியது, கேள்வி மாறவில்லை.

தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தபின் இப்பாதையின் பயணி பெரும்பாலும் யாத்திரிகரே. அவர் ஏறிவரும் ரயிலும் நூறாண்டுக்கும் மேலாகத் தன் கழிவைத் தண்டவாளத்தின்மேலேயே கொட்டிக்கொண்டு வந்தது. ‘வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்’ என்ற அறிவிப்பை எழுத்தறிந்த நாளிலிருந்து படித்து வளர்ந்த தலைமுறைகள், வண்டி ஓடும்போது அது எங்கே போகிறது என்று நினைத்துப் பார்க்கப் பழகவில்லை. அது பாதையோரக் கிராமத்தின் கிணற்றடிக்கும், தண்டவாளத்தை ஒட்டி நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையின் காலடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, துடைப்பத்தோடு நிலையத்தில் காத்திருந்த துப்புரவுத் தொழிலாளியின் கைக்கும் போயிற்று. ரயில்வேயின் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் காகோட்கர் குழு 2012இல் அளித்த அறிக்கையில், இக்கழிவு தண்டவாளத்தை அரிக்கிறது, பெட்டியின் அடிப்பகுதியைப் பழுதுபார்ப்போரின் வேலையைக் கெடுக்கிறது என்று சொல்லி, இவ்வகைக் கழிப்பறைகளை அகற்றப் பரிந்துரைத்தது. மனிதக் கையைவிட இரும்பின் அரிப்பு விரைவில் கவனம் பெற்றது வருந்தத்தக்கதே என்றாலும், விளைவு நல்லதாயிற்று.

அவ்விளைவே உயிரிக் கழிப்பறை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் குவாலியர் ஆய்வகம் உருவாக்கிய இம்முறையில், பெட்டியின் அடியில் தடுப்புகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்ட தொட்டி பொருத்தப்படுகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்ற, நீர் குளோரின் வழியே கடந்து கீழே விழுகிறது. பெருங்குடலில் நடப்பதற்கு நெருங்கிய ஒரு வேலையை ரயிலின் வயிற்றில் நடத்துவது என்று இதனைக் கருதலாம். குடலைப் போலவே இதற்கும் ஒவ்வாதவை உண்டு. 2016 ஜூலையில் நாட்டின் முதல் ‘பசுமை ரயில் பாதை’யாக அறிவிக்கப்பட்டது இந்த மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையே, அதாவது, இதில் ஓடும் வண்டிகளிலிருந்து மலம் பாதையில் விழாது. ஆனால் அடுத்த ஆண்டு வெளியான தணிக்கைத் துறை அறிக்கை, நாடெங்கும் ஆய்வுக்கெடுத்த சுமார் 25,000 உயிரிக் கழிப்பறைகளில் ஓராண்டில் ஏறத்தாழ 2 லட்சம் குறைகள் பதிவானதையும், அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை அடைப்பு என்பதையும் எடுத்துக்காட்டியது. தண்ணீர்ப் பாட்டில், குட்கா உறை, துணி, நாப்கின் ஆகியவையே அடைத்தன. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், இத்தொட்டிகளிலிருந்து வெளியேறும் நீர் கழிவுநீரைவிடப் பெரிதும் மேம்பட்டதல்ல என்றனர். குப்பைத்தொட்டி இல்லாத கழிப்பறையில் பயணி நாப்கினை வேறெங்கே போடுவார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

அடைத்த பொருள்களுள் தண்ணீர்ப் பாட்டிலும் இருப்பது கவனிக்கத்தக்கது. ஊர்த் தண்ணீருக்கு அஞ்சிப் பயணி வாங்கியது அது. ஒரு குடலைக் காக்க வந்தது மற்றொன்றின் தொண்டையில் போய் நின்றது. பெண்களோ வேறொரு வழியைக் கைக்கொள்கின்றனர்: நெடுந்தூரப் பேருந்தில் ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. நெடுஞ்சாலை மோட்டல்களின் கழிப்பறையைப் பார்த்த எவரும் இதனைக் குறைகூற மாட்டார். அதன் விலை மலச்சிக்கலும், சிறுநீர்க் கடுப்பும். பயணத்தால் வரும் வயிற்றுக் கோளாறுகளைப் பட்டியலிடும் நூல்களில் இதற்கு உரிய இடம் தரப்படுவதில்லை.

பாதை சுத்தமாயிற்று என்றே கொண்டாலும், பயணி இறங்கும் ஊர் எஞ்சி நிற்கிறது. ராமேஸ்வரம் மணற்பாங்கான தீவு. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகக் கீபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி. கடலுக்கு மிக அருகில் உள்ள கோயிலுக்குள்ளேயே தீர்த்தக் கிணறுகள் நன்னீராக இருப்பதன் வியப்பு இவ்விதியில் அடங்கும். ஆனால் மழையை எளிதில் உள்ளே விடும் மணல், கழிவுநீரையும் அவ்வளவு எளிதாகவே உள்ளே விடும். ஒரு விடுதியின் மலக்குழியும் பக்கத்து வீட்டின் கிணறும் ஒரே மிதக்கும் நீரில் கால் வைத்திருக்கின்றன. நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். கழிவை அளவுக்கு மீறி இறக்கினால் கிருமி பக்கவாட்டில் பரவும். அமாவாசை தினங்களில் பெருகும் கூட்டம் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறது.

எஞ்சியது கடலுக்குப் போகிறது. யாத்திரிகர் நீராடும் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கழிவுநீர் கலப்பது பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டுவரும் சிக்கல். நீராடியபின் நீரிலேயே விடப்படும் துணிகள் வேறு. இத்தீவின் தெற்கே கிடப்பது 21 தீவுகளையும் பவளப் பாறைகளையும் கொண்டு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. கழிவுநீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிகளை வளர்க்க, அவை பவளத்துக்குரிய ஒளியையும் இடத்தையும் பறிக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாத் தீவுகளில் இன்னும் நேரடியான ஒன்று நடந்தது: மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்களின்மேல் ‘வெள்ளை அம்மை’ என்ற நோய் திட்டுத்திட்டாகப் படர்ந்து அவற்றைக் கொன்றது, மனிதக் கழிவுநீரில் உள்ள செராட்டியா என்னும் பாக்டீரியாவே காரணம் என்பது 2011இல் ஆய்வகத்தில் பவளத்துக்கே தொற்றச்செய்து மெய்ப்பிக்கப்பட்டது. பயணிக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீர் என்பது உண்டெனில், தண்ணீருக்கு ஒத்துக்கொள்ளாத பயணி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தனுஷ்கோடியின் இடிபாடுகளுக்கு அப்பால், அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை திறக்கப்பட்ட பின்னர், முன்பு மீனவரும் சில யாத்திரிகரும் மட்டுமே சென்ற மணல்முனைக்குச் சுற்றுலா வாகனங்கள் வரிசையாக வருகின்றன. அம்மணலில் வாழும் மீனவக் குடும்பத்துப் பெண்கள் இன்றும் குடிநீருக்கு ஊற்றுத் தோண்டுகின்றனர்: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கையால் மணலை வாரி, முழங்கை ஆழத்திலிருந்து இடுப்பளவு ஆழத்துக்குள் கசியும் நீரைப் பொறுமையாக மொண்டு குடத்தில் நிரப்புவர். சிறிது நேரம் விட்டால் தெளியும். அவசரப்பட்டு ஆழப்படுத்தினால் உப்பு ஏறும் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. சாலையில் வந்து இறங்குவோர் ஒதுங்கத் தேடுவதும் அதே மணல்மேட்டின் மறைவைத்தான். ஊற்றுக்கும் அம்மறைவுக்கும் இடையில் இருப்பது சில கஜ தூர மணல்.